ஒரே குடும்பத்து எஞ்சின்

என் ஆசை கிரேஸ் அக்கா,

ஒவ்வோர் ஆண்டும் உன் நினைவு நாள் வரும் மாதம், நம் சபைப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் உன் படம் வரும். பச்சைப் பட்டுச் சேலை கட்டி, தலையை லேசாகச் சாய்த்து நீ சிரிக்கிற படம். அதற்குக் கீழே அத்தான் நாலு வரி எழுதிக் கொடுப்பார். எப்போதும் அதே நாலு வரிதான், ஆண்டை மட்டும் மாற்றுவார். இந்த முறை, "நான் எழுதட்டா?" என்று கேட்டேன். "எழுதேன்" என்றார். நான் நாலு வரியோடு நிறுத்தமாட்டேன் என்று அவருக்குத் தோன்றியிருக்காது.

அவரும் இதைப் படிப்பார். தெரிந்துதான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் பெனிட்டா எட்டாம் வகுப்பு முடித்துவிட்டாள். உன் உயரம் வந்துவிட்டது. நகம் கடிப்பதும் உன்னைப் போலத்தான். அம்மான்னு கூப்பிடு, அம்மான்னு கூப்பிடு என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, கடைசியில் "சித்திம்மா" என்று அவளே ஒன்றைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டாள். அம்மா இன்னும் சேத்தூரில்தான் இருக்கிறாள். முழங்கால் வலியோடு பஸ் ஏறி மாதம் ஒருதரம் இங்கே ராஜபாளையத்துக்கு வந்து, என் சமையலில் உப்புப் பார்த்துவிட்டுப் போகிறாள். அத்தான் அதே மில்லில் அதே பிட்டர் வேலை. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன்.

இனி உனக்குத் தெரியாத செய்தி. எனக்கு ஒரு வேலை வந்திருக்கிறது.

போன அசன விருந்துக்குச் சபை முழுவதற்கும் சமைத்தோம், அதற்கு அரிசி, ஆடு, கத்திரிக்காய், விறகு என்று எல்லாக் கணக்கையும் எழுதியது நான். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்காதே. வீட்டுக் கணக்கை எழுதி எழுதி வந்த பழக்கம். அந்தப் பந்திக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து லீலா அம்மா என்று ஒருவர் வந்திருந்தார். அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி நடத்துகிறார். கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத எழுதுனது யாரு?" என்று கேட்டார். என்னைக் காட்டினார்கள். "நம்ம விடுதிக்கு வந்து கணக்கு எழுதுதியாம்மா? பள்ளிக்கூடம் தொறக்குற திங்கக்கெழமை வந்து சேந்துரு. அதுக்கு மேல என்னால எடத்தப் போட்டு வைக்க முடியாது" என்றார்.

அக்கா, அந்த அம்மாவுக்கு உன்னைத் தெரியாது. நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சராக இருந்ததும் தெரியாது. கிரேஸ் டீச்சர் தங்கச்சி என்றோ, கிரேஸுக்குப் பிறகு வந்தவள் என்றோ சொல்லாமல் என்னை ஒருவர் கூப்பிட்டது கலியாணம் ஆனபிறகு அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுகூட எனக்குச் சிரிப்பு வந்துகொண்டே இருந்தது.

அத்தானிடம் சொன்னேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் எதையும் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை என்று உனக்கே தெரியும்.

"போ. ஆனா போறதுன்னா கார்ல போ. அவ கார்ல போயி வந்த ரோட்டுல நீ பஸ்ல தொங்கிக்கிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?"

"கார் எங்க அத்தான் ஓடுது?"

"ஓட வைக்கேன்" என்றார்.

உன் கார் ஷெட்டிலேயேதான் இருக்கிறது. விற்கவும் இல்லை, ஓட்டவும் இல்லை. மாதம் ஒருமுறை ஸ்டார்ட் பண்ணி, செத்த நேரம் உறுமவிட்டு, அணைத்துவிடுவார். என்னைக் காரோட்டும் பள்ளியில் சேர்த்து லைசென்ஸ் எடுக்க வைத்ததும் அவர்தான். நீ ஓட்டினாய், அதனால் நானும் ஓட்ட வேண்டும். ஆனால் உன் சீட் நீ வைத்த இடத்திலேயே இருக்கிறது. நான் உன்னைவிடக் குள்ளம். கிளட்ச் எட்டவில்லை, சீட்டை முன்னால் இழுங்கள் என்றால், சீட் நகர்கிற கம்பி துருப்பிடித்துவிட்டது, நகராது என்றார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வைத்துக்கொண்டுதான் ஓட்டிப் பழகினேன்.

காரை ஓட வைக்கிறேன் என்றவர், சும்மா ஓட வைத்தால் போதும் என்று விடவில்லை. நீ ஒருநாள் சொன்னாயாம், "இந்த வண்டிக்கு மூச்சே பத்தல, லாரிக்காரன்கூட என்னைய முந்திட்டுப் போறான்" என்று. அத்தான், "அடுத்த மாசம் பெரிய வண்டி மேனிஃபோல்டு வாங்கி மாட்டிருவோம், பறக்கும் பாரு" என்றாராம். அந்த அடுத்த மாதத்துக்குள் நீ படுத்துவிட்டாய். அத்தனை ஆண்டு கழித்து, என் வேலையைச் சாக்காக வைத்து, அதை இப்போது நிறைவேற்ற வேண்டும் என்று அவருக்குப் பிடித்துக்கொண்டது.

நீ அதை மனதாரச் சொன்னாயா, இல்லை பள்ளிக்கூடம் விட்டு வந்த அலுப்பில் சும்மா சொன்னாயா? அதை யாரிடம் கேட்பது?

மேனிஃபோல்டு என்ற வார்த்தையே எனக்கு அதற்கு முன் தெரியாது. தெரியாமல் ஒரு செலவைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வராது. ஆகவே போனில் வீடியோ பார்த்துப் படித்தேன். எஞ்சினுக்குள் போகும் காற்றை வாங்கி நாலு சிலிண்டருக்கும் பங்கு வைக்கிற குழாய் அது. அலுமினியத்தில் ஒரு கை, நாலு விரல். உன் காரில் இருந்தது ஒல்லி விரல், நீள விரல். அத்தான் மதுரைப் பழைய இரும்புக்கடையில் தேடி எடுத்து வந்தது அதே கம்பெனியின் பெரிய காருடையது. குட்டை விரல், தடித்த விரல். விரல் நீளமாக ஒடுங்கியிருந்தால் மெதுவாகப் போகும்போது இழுவை நன்றாக இருக்குமாம். குட்டையாக அகன்றிருந்தால் வேகத்தில்தான் அது வேலையைக் காட்டுமாம். இதை வீடியோவில் ஒரு மலையாளத்துப் பையன் சொன்னான். பாதி புரிந்தது. மீதியைப் பிறகு ரோட்டில் தெரிந்துகொண்டேன்.

மாட்டுவதற்கு மெக்கானிக் ரங்கராஜ் வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், வேலை செய்யும்போதும் காதில் போனை இடுக்கிக்கொண்டு வீட்டம்மாவிடம் தெலுங்கில் சமாதானம் சொல்லிக்கொண்டே இருப்பார். அத்தான் இரண்டு மேனிஃபோல்டையும் ஒரு சாக்கின் மேல் அருகருகே வைத்திருந்தார். நான் காப்பி கொண்டு போனேன்.

"இது அதுல ஒக்காருமா ரங்கா?" என்றார் அத்தான்.

"என்ன அண்ணாச்சி இப்படிக் கேக்கிய! ரெண்டும் ஒரே குடும்பத்து எஞ்சின். அக்கா தங்கச்சி மாதிரி. அக்கா எடத்துல தங்கச்சிய மாட்டுனா பொருந்தாம போகுமா?"

சொல்லிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியவர் குடிக்காமலே வைத்துக்கொண்டு நின்றார். அத்தான் ஸ்பானரைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

"சீனி போதுமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அடுப்படியில் நின்றுகொண்டு நான் என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் கலியாணத்தன்று மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்த சிரிப்பை. "கூப்புடுற வார்த்தையக்கூட இவ மாத்த வேண்டாம் பாருங்க. நேத்தும் அத்தான், இன்னைக்கும் அத்தான்!" என்று யாரோ சொன்னார்கள். பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அக்காள் புருஷனுக்கும் அத்தான், கட்டிய புருஷனுக்கும் அத்தான். அந்த வார்த்தை வழியாகவே என்னை நடத்திக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நடுவில் ஒரு நிலைப்படிகூட இல்லை. இருந்திருந்தால் தடுக்கியாவது நின்றிருப்பேன்.

அதற்கு முன்னால் நீ மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னது. காய்ச்சல் குறையாத அந்தச் சாயங்காலம், அம்மா, அத்தானுடைய அண்ணன், நம் சபைப் போதகர் ஐயர், நான், எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நீ என் கையைப் பிடித்து, "ஏட்டி, பாப்பாவப் பாத்துக்கோ" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். உன்னை அடக்கம் பண்ணிவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும், அந்த இரண்டு வார்த்தை எப்படியோ பெரிதாகிவிட்டது. "அவளே சொல்லிட்டுத்தான் போயிருக்கா. தங்கச்சிகிட்ட குடும்பத்த ஒப்படைச்சுட்டுப் போயிருக்கா." ஐயரும் அது கர்த்தருடைய சித்தம் என்றார். ஐயர் சொன்ன பிறகு நான் யாரிடம் போய்க் கேட்பது? முழங்கால் போட்டு ஜெபத்தில் கேட்டேன். பதில் வந்ததா, வந்தும் எனக்குக் கேட்கவில்லையா என்று இன்றுவரை தெரியாது.

நீ சொன்னது பாப்பாவை மட்டுமா அக்கா? அவரையும் சேர்த்தா?

நம் ஊரில் பாத்துக்கோ என்றால் அதற்கு எம்புட்டு அர்த்தம். அடுப்பில் பாலைப் பாத்துக்கோ. பஸ்ஸில் பையைப் பாத்துக்கோ. அம்மாவிடம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொன்னபோது, "இருக்க இருக்கச் சரியாயிரும்ட்டி. ஒங்க அக்கா வாழ்ந்த வீடு, தெரிஞ்ச மாப்பிள்ளை. இதுக்கு மேல ஒனக்கு என்ன வேணும்?" என்றாள். எனக்கு என்ன வேண்டும் என்று அப்போது எனக்கே தெரியாது.

சரி, ஷெட்டுக்கு வருகிறேன். ரங்கராஜ் திரும்பவும் கூப்பிட்டார், டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று. பிடித்தேன். இரண்டு போல்ட் ஓட்டை நேர் வரவில்லை. அரத்தால் ராவி நேராக்கினார். புது மேனிஃபோல்டின் வாய் பெரிது, எஞ்சினின் வாய் சிறிது. இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு வாயின் ஓரத்திலும் பிறை போல ஒரு படி தெரிந்தது. வரும் காற்று அதில் முட்டுமே என்று எனக்குப் பட்டது.

"அண்ணாச்சி, இந்த ஓரம் இடிக்குதே?"

"அது ஒண்ணும் செய்யாது மதினி. ஓட ஓடச் சரியாயிரும்."

நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கழற்றிய உன் மேனிஃபோல்டை அத்தான் பழைய இரும்புக்குப் போட விடவில்லை. மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, பீரோவின் கீழ்த் தட்டில் கொண்டுபோய் வைத்தார். இப்போது என் சேலைகளெல்லாம் மெக்கானிக் ஷாப் மாதிரி மணக்கின்றன. ஆராதனையில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைத் தடவுகிறார்கள்.

அன்றைக்கு வீட்டுக் கணக்கு எழுதும்போது, இந்தச் செலவை எதில் எழுதுவது என்று கேட்டேன்.

"கார் செலவுல எழுது."

"கார் செலவுன்னு ஒண்ணு நம்ம கணக்குல இல்லையே அத்தான்."

"அப்ப ஏதாவது ஒண்ணுல எழுது."

காணிக்கையில் எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

போன சனிக்கிழமை மத்தியானம் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய், லீலா அம்மாவைப் பார்த்து, பள்ளிக்கூடம் திறக்கிற திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு வருவதாகத் திட்டம். நான் ஓட்டினேன், அத்தான் பக்கத்தில், பெனிட்டா பின்னால். கண்ணை மூடி, ஆண்டவரே இந்த எஞ்சினை ஆசீர்வதியும் என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினேன். சிரிக்காதே. மிக்ஸிக்கே ஜெபம் பண்ணுகிறவள் நான்.

பஞ்சு மார்க்கெட் போவதற்குள் மூன்று நாலு தடவை நின்றுவிட்டது. காலை எடுத்தால் எஞ்சின் தானே ஏறுகிறது, தானே இறங்குகிறது, மூச்சு வாங்குகிற ஆள் மாதிரி. கூட்டத்துக்குள் மெதுவாகப் போ என்றால் குலுங்கி, இருமி, அணைந்துவிடுகிறது. பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் பஸ், எல்லாரும் ஹாரன்.

ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "ஏ யக்கா, வண்டிய எடுக்கியளா, இல்ல இங்ஙனயே வீடு கட்டிக் குடியேறப் போறியளா?"

பெனிட்டா ஜன்னலை இறக்கினாள். "மாடி போர்ஷன் காலியா இருக்கு அண்ணாச்சி, வாடகைக்கு வாரியளா?"

"ஏ பிள்ள, ஒழுங்கா உள்ள இரு!" என்று அத்தான் அதட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆட்டோக்காரரும் சிரித்துவிட்டு, இறங்கி வந்து பின்னால் கைவைத்துத் தள்ளிக் கொடுத்தார். அப்படியே பெனிட்டா உன் பிள்ளைதான். அந்த வாய் என்னிடம் கிடையாது.

ஊரைத் தாண்டி மதுரை ரோட்டில் ஏறினோம். மேற்கே மலை, நடுவில் காலி ரோடு. மிதித்தேன். அக்கா, அதை எப்படிச் சொல்ல! அதுவரை முக்கிக்கொண்டிருந்த கார், ஒரு வேகத்தைத் தாண்டியதும் குரலை மாற்றிக்கொண்டது. முதுகுத் தலையணையோடு சேர்த்து என்னைச் சீட்டில் அழுத்தியது. புளியமரமெல்லாம் பின்னால் ஓடியது. ஒரு லாரியை முந்தினேன். நான், முந்தினேன்! எங்கேயும் திரும்பாமல், ஸ்ரீவில்லிபுத்தூரையும் தாண்டி, ரோடு முடிகிற மட்டும் போனால் என்ன என்று ஓர் ஆசை. பெற்றது மாதிரி நான் வளர்த்த பிள்ளை பின்னால் இருக்க, கட்டியவர் பக்கத்தில் இருக்க, அப்படி ஓர் ஆசை.

அத்தான் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை. தொடையில் தட்டிக்கொண்டு சொன்னார்: "பாத்தியா கிரேஸு, லாரி பின்னால போறத!"

பின்சீட்டில் பெனிட்டா பாடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டாள். அத்தானுக்குத் தான் சொன்னதே தெரியவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார். நான் காலை எடுத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் நுழைந்து, தேரடிப் பக்கம் திரும்பியதும் மறுபடி நின்றது. திருப்புகிறேன், உறுமுகிறது, அணைகிறது. திருப்புகிறேன், அணைகிறது.

"கிளட்ச்ச மெதுவா விடு."

"விடுதேன் அத்தான்."

"ஒனக்குக் கை வரல. அவ ஓட்டும்போது ஒருநாளும் நின்னதில்ல."

அதைச் சொன்னது கோபத்தில் இல்லை. சாம்பாரில் உப்பு அவள் போட்டால் சரியாக இருக்கும் என்று சொல்வாரே, அதே குரலில்தான். அத்தனை ஆண்டாக அந்தக் குரலுக்கு நான் "சரி அத்தான்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு வேறொன்று வந்துவிட்டது.

"அவ ஓட்டும்போது இதுல அவளோடது இருந்துச்சு அத்தான். இப்ப மாட்டியிருக்கது வேற வண்டியோடது. மெதுவாப் போன்னா அதுக்கு வராது."

ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்டதா என்று முதலில் தெரியவில்லை. பிறகு கண்ணாடியில் பெனிட்டாவின் முகத்தைப் பார்த்தேன். பின்சீட்டு வரைக்கும் கேட்டிருந்தது.

சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "நீங்க ஓட்டிட்டு வாங்க. நாங்க நடந்து போயி அந்த அம்மாவப் பாத்துட்டு பஸ்ல வாரோம்" என்றேன். பெனிட்டா இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

லீலா அம்மா மேசையைக் காட்டினார். ஜன்னலோரம் ஒரு மேசை, பக்கத்தில் மளிகை வைக்கிற அறை, உள்ளே பருப்பு மூட்டை வாசனை. "அடுத்த வாரம் திங்கக்கெழமை வருவ தானே?" என்றார். "வாரேன்மா" என்றேன். எந்த வண்டியில் வருவேன் என்று அவர் கேட்கவே இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ் ஓடிக்கொண்டே இருக்கிற இரண்டு ஊருக்கு நடுவில் அதை யார் கேட்பார்கள்?

வீட்டுக்கு வந்தபோது அத்தான் ஷெட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பானெட் திறந்திருந்தது. பெனிட்டா உள்ளே போனாள். நான் வாசலில் நின்றேன்.

"பழசையே மாட்டிரவா?" என்றார், எஞ்சினைப் பார்த்துக்கொண்டே.

"மாட்டுங்க. ஒங்க மனசுக்கு அதுதான்னா மாட்டுங்க. நான் பஸ்ல போறேன்."

"ஊரு என்ன சொல்லும்?"

"ஒண்ணும் சொல்லாது. பஸ்ல ஊரே போகுது."

"ஒன்ன நம்பித்தான அவ எல்லாத்தையும்..."

"அவ பாப்பாவத்தான் சொன்னா அத்தான்."

வெளியே வந்துவிட்டது. இவ்வளவு காலம் ஜெபத்தில்கூட நான் வாய்விட்டுச் சொல்லாதது. அவர் கையிலிருந்த துணியால் ஒரு போல்ட்டைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எல்லாருந்தான நின்னோம். அவ என்ன சொன்னான்னு எனக்கும் நல்லாக் கேட்டுச்சு. பொறவு ஒங்க அம்மா, எங்க அண்ணன், ஐயரு, ஆளாளுக்குப் பேசி முடிச்சுட்டாங்க. பாப்பா அழுதுக்கிட்டே கெடந்தா. ஒருத்தரும் என்ட்ட ஒனக்குச் சம்மதமான்னு கேக்கல. சரின்னுட்டேன்."

"என்ட்டயும் கேக்கல."

"தெரியும்ட்டி" என்றார்.

அத்தனை ஆண்டு ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே பூட்டுக்குள் இருந்திருக்கிறோம், ஒருவருக்கு மற்றவர் பூட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு. அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது. இரக்கம் வந்தால் கதவு திறந்துவிடும் என்று பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்குத் திறக்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வாயைத் திறந்தேன், "அத்தான்" என்றுதான் வந்தது. இவரைக் கூப்பிட வேறு வார்த்தை எனக்கு யாரும் தரவில்லை. நானாக ஒன்றைக் கண்டுபிடிக்க, பெனிட்டாவுக்கு இருக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை.

மறுநாளே அம்மா சேத்தூரிலிருந்து வந்துவிட்டாள். யார் சொன்னார்களோ. "ஏட்டி, காரு நிக்கயில பஸ்ல போறியாம்லா! அவரு மனசு நொந்துட்டா என்ன செய்வ? கிரேஸு இருந்தா இப்படி எதுத்துப் பேசுவாளா?"

நீ எதிர்த்துப் பேசமாட்டாயா! எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவர்களெல்லாம் சேர்ந்து உன்னை வேறு யாராகவோ ஆக்கிவிட்டார்கள். வீட்டிலேயே பெரிய வாயாடி நீ. என் புதுப் பாவாடையை ஒளித்து வைத்துவிட்டு ஆண்டவரே எடுத்துக்கொண்டார் என்று சொன்னவள். ஒரு சண்டையில் என் சடையைப் பிடித்து இழுத்துக் கிணற்றடியில் தள்ளிவிட்டவள். அந்த அக்காவை எனக்கு ஞாபகம் இருக்கிறது. பச்சைப் பட்டுக் கட்டித் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறவளோடுதான் என்னால் வாழ முடியவில்லை.

அத்தான் வருகிற திங்கட்கிழமையைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய மேனிஃபோல்டை மாட்டவும் இல்லை, புதியதைக் கழற்றவும் இல்லை. பானெட் திறந்தே கிடக்கிறது. ஷெட்டைக் கடந்து போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. அம்மா இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. நான் போகிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் போவாள் போலிருக்கிறது. காலையில் எழுந்து, மூன்று பேருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டு, அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்க அந்த வாசலைத் தாண்ட வேண்டும். இது அச்சாகி உன் படத்துக்குக் கீழே வரும்போது நான் தாண்டினேனா இல்லையா என்பது சபைக்கே தெரிந்திருக்கும்.

ஒன்று மட்டும் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. உனக்காக நான் இன்னும் அழவில்லை அக்கா. அடக்கத்தன்று பாப்பா என் இடுப்பில் இருந்தாள். நான் அழுதால் அவள் அழுவாள். அதற்குப் பிறகு பெண் பார்க்கிற பேச்சு வந்துவிட்டது. கலியாணத்தன்று அழுதால் அபசகுனம். கலியாணத்துக்குப் பிறகு அழுதால் இந்த வீட்டில் எனக்கு என்ன குறை என்று கேட்பார்கள். நினைவு நாளில் அத்தான் அழுவார், அம்மா அழுவாள், நான் காப்பி போடுவேன். உன்னை இழந்தவர்கள் வரிசையில் எல்லாருக்கும் இடம் இருந்தது. நான் உனக்குப் பதிலாக வந்தவள் ஆகிவிட்டதால் எனக்கு அந்த வரிசையில் இடம் இல்லாமல் போயிற்று.

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். திங்கட்கிழமை காலையில் நான் பஸ் ஏறுவேன். ஜன்னலோரம் உட்காருவேன். கண்டக்டருக்கு நான் யார் என்று தெரியாது. பக்கத்தில் உட்காருகிறவர் வன்னியம்பட்டிக்குக் கத்திரி நாற்று வாங்கப் போகிறவராக இருப்பார், அவருக்கும் தெரியாது. ராஜபாளையத்தில் ஏறினதிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குகிற வரைக்கும் நான் யாருக்கும் பெண்டாட்டி இல்லை, சித்திம்மா இல்லை, கிரேஸ் டீச்சர் இடத்தில் வந்தவள் இல்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, என்னைக் கிணற்றடியில் தள்ளிவிட்டவளுக்காக அழப்போகிறேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி, விடுதிக்குப் போய்க் கணக்கு எழுதுவேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
உன் ஜாய்ஸ்